பிச்சைமுத்து தொடாத கடிகாரம்

பிச்சைமுத்து அண்ணனைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவருக்கு வேலை போனது என்னால். சுங்கை பாக்காப்பில் பத்து வருடம் குடும்பத்தோடு குடியிருந்த வீடு போனதும் என்னால். அவர் என்னைவிட ஏழு வயது மூத்தவர். ஆனாலும் என்னை 'அக்கா' என்பார். நான் அவரைப் 'பிச்சைமுத்து' என்று பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். இப்போது அண்ணன் என்று எழுதுவதற்கு என்னை யாரும் தடுக்க முடியாது, அவர் உட்பட.

என் பெயர் கனகேஸ்வரி. அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. அவருடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்தவர். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் கான்வென்டில் இங்கிலீஷ் படித்தோம். தமிழ் பேசுவோம். கோயிலில் தேவாரம் பாடுவோம், ஆனால் அதை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவோம். தமிழ் எழுத்து எனக்குத் தெரியாது. தெரியாது என்பது வெளியே யாருக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்றால் தமிழ் கரைத்துக் குடித்தவர்கள் என்று ஊரில் ஒரு நினைப்பு. அந்த மரியாதையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் நானும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

1974-ல் வெளிநாட்டு ஆய்வுக் குழு ஒன்று பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்தது. பெர்ரி ஏறி அக்கரைக்குப் போய், சுங்கை பாக்காப்பில் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஒரு மேட்டில் ஏரியல் கம்பங்களை நட்டது. ரேடார் இருந்தது அங்கே. பிலிமை அளக்கும் வேலை மாடியில், எனக்கு.

என்ன வேலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் 'ரிசர்ச்' என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். உண்மையில் விஷயம் எளிது. வானத்திலிருந்து மணல் அளவுக்குச் சின்னச் சின்னக் கற்கள் இரவும் பகலும் விழுந்துகொண்டே இருக்கின்றன. தரையிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் அவை எரிந்து போகும். எரிந்த இடத்தில் ஒரு தடம் மிஞ்சும். அது நம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ரேடியோ அலை அதில் பட்டுத் திரும்பி வரும். அந்தத் தடத்தை மேலே அடிக்கிற காற்று தள்ளிக்கொண்டு போகும். தள்ளும் வேகத்துக்குத் தக்கபடி திரும்பி வரும் அலை மாறும், அந்த மாற்றம் பிலிமில் நெளிநெளியான கோடாக விழும். நான் விளக்குப் பெட்டியின் மேல் பிலிமை விரித்து, லென்ஸை வைத்து, நெளிவுக்கு நெளிவு எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுவேன். பலூனோ விமானமோ போக முடியாத உயரத்தில் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது என்பது அந்த எண்களில் இருந்து வரும். அந்தக் காற்று கடலைப் போல ஏறி இறங்கும், நாளுக்கு இரண்டு தடவை திசை மாறும். எத்தனை மணிக்கு மாறுகிறது என்பதுதான் ஆராய்ச்சிக்கே உயிர். அதனால் ஒவ்வொரு பிலிமின் மூலையிலும் நிலையத்துக் கடிகாரத்தின் படமும் சேர்ந்து விழும்படி செய்திருந்தார்கள்.

அந்த நிலையத்தைப் பார்த்துக்கொண்டவர்தான் பிச்சைமுத்து அண்ணன். தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவர். அதற்கு மேல் படிக்க வைக்க ஆள் இல்லை. பத்தொன்பது வயதில் தோட்டத்து இன்ஜின் வீட்டில் சேர்ந்து டீசல் இயந்திரத்தைப் பழகினார். எங்கள் குழுவில் அப்போது டெக்னீஷியனாக இருந்த ஸ்ரீஸ்கந்தராஜா அவரைப் பார்த்துவிட்டு, இந்த ஆள் போதும் என்று கூட்டி வந்தார். நிலையத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு அறை வீடு கொடுத்தார்கள். மனைவி சின்னம்மாவும் மகள் ஜெயலெட்சுமியும் அங்கே வந்தார்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் பிறந்தவருக்குத் தனி வீடு என்பது சாதாரணமில்லை.

தினமும் நண்பகலில் பிலிம் மாற்றுவார். இயந்திரத்துக்கு டீசல் ஊற்றுவார். ஏரியலைச் சுற்றி லாலாங் புல் மண்டாமல் வெட்டுவார், கேபிளைக் கடிக்க வரும் மாட்டை விரட்டுவார். நான் அங்கே போனதே நாலு தடவைதான். போனபோதெல்லாம் இயந்திர அறைத் தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம் போலிருக்கும். 'காத்தப் பிடிக்கிற மிசின்' என்று தோட்டத்துக்காரர்களிடம் சொல்லுவாராம். அவர்கள் பிடித்த காற்றைக் காட்டச் சொல்லிக் கிண்டல் செய்தால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், பிலிம் டப்பாவைத் தட்டிக் காட்டுவார். பத்து வருடத்தில் ஒரு நாள் பிலிம்கூட விடுபட்டதில்லை. தண்ணீர்மலைத் தைப்பூசத்துக்கு வருடா வருடம் காவடி எடுத்தவர், பிலிம் மாற்ற வேறு ஆள் இல்லை என்று அதையும் நிறுத்திவிட்டார். நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்காமலே செய்கிற ஆள் அவர், எங்களுக்கும் அது வசதியாக இருந்தது.

நிலையத்தில் டெலிபோன் கிடையாது. வியாழக்கிழமைதோறும் தோட்டத்து லாரி ஓட்டும் அர்ஜுனன், வாரப் பிலிமை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு பெர்ரியில் எங்கள் மாடிக்குக் கொண்டு வருவார். பிலிமுக்கு மேலே ஒரு சீட்டு இருக்கும். தமிழில். பிச்சைமுத்து அண்ணனுக்கு எழுத வரும் ஒரே மொழி அதுதான். ஆரம்பத்தில் அதை ஸ்ரீஸ்கந்தராஜா வாசித்து, வேண்டியதைச் செய்வார். 1979-ல் அவர் கனடாவுக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். போகும்போது, இனிமேல் சீட்டையெல்லாம் அக்காவுக்கே எழுது என்று பிச்சைமுத்து அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதே, எனக்குத் தமிழ் வாசிக்க வராது என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டினேன்.

அதன் பிறகு ஐந்து வருடம் சீட்டுகள் எனக்கு வந்தன. நான் அவற்றை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி இழுப்பறையில் வைத்தேன். டப்பாவில் புதுப் பிலிமைப் போட்டு, பெற்றுக்கொண்டேன் என்று இங்கிலீஷ் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். முக்கியமான எண்கள் எல்லாம் அச்சடித்த படிவத்தில் தனியாக வந்துவிடும், ஆகையால் சீட்டில் அப்படி என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாடியில் எங்களோடு இருந்தவர் டைப்பிஸ்ட் சலேஹா மட்டும்தான். அங்கே நான் ஒருத்திதான் தமிழச்சி. கேட்க ஆள் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்கிற எண்ணமும் இல்லை.

1982 புத்தாண்டு அன்று நாடு முழுக்கக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். ரேடியோவில் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், வீட்டில் நாங்களும் மாற்றினோம். எங்கள் கணக்கோ ஆரம்பத்திலிருந்தே பழைய நேரத்தில் ஓடுவது. பிச்சைமுத்தும் ஊரோடு சேர்ந்து நிலையத்துக் கடிகாரத்தை மாற்றியிருப்பார் என்று நான் முடிவு செய்தேன். தோட்டத்து ஆளுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று நினைத்தேன். நினைத்ததை அப்படியே எழுதுகிறேன். அன்றிலிருந்து பிலிமில் தெரிந்த ஒவ்வொரு நேரத்திலும் அரை மணி கழித்து எழுதினேன். இரண்டரை வருடம் கழித்தேன்.

குழுவின் தலைவரான பேராசிரியர் வெளிநாட்டில் இருந்தார், வருடத்துக்கு இரண்டு தடவை வருவார், பெரும்பாலும் மாடியோடு திரும்பிவிடுவார். என் எண்களைப் பார்த்துவிட்டு, மேல்வானத்துக் காற்று 1982-லிருந்து அரை மணி முந்தித் திரும்புகிறது என்று ஒரு கட்டுரை எழுதி வெளியிட்டார். அந்த வருடம் எங்கோ வெடித்த எரிமலையைக் காரணமாகக் காட்டினார். சரியாக அரை மணி என்பதில் அவ்வளவு படித்த மனிதருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பாராட்டுக் கடிதம் வந்தது, எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார்.

1984 ஆகஸ்டில் அவர் சுங்கை பாக்காப்புக்குப் போனபோது, நிலையத்துக் கடிகாரம் தன் கைக்கடிகாரத்துக்கு அரை மணி பின்னால் ஓடுவதைப் பார்த்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார். எப்போதுமே இப்படித்தான், தொடவே இல்லை என்று பிச்சைமுத்து அண்ணன் சைகையும் அரைகுறை இங்கிலீஷுமாகச் சொல்லியிருக்கிறார். ஸ்ரீஸ்கந்தராஜா அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான்: யார் எந்த நேரத்தை மாற்றினாலும் இந்தக் கடிகாரத்தைத் தொடாதே. அவர் செய்தது சரி. கழித்த நான்தான் தப்பு. ஆனால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், பணம் கொடுக்கும் குழுவுக்கு யாருடைய தவறு என்று அறிக்கை எழுத வேண்டும். கடிகாரத்தை மாற்றவில்லை என்று நிலையத்திலிருந்து தகவல் வந்திருந்தால் என் வேலை போகும். வராமலிருந்தால் அவர் வேலை போகும், வீடும் போகும்.

மறுநாள் காலை அவரை மாடிக்கு வரச் சொன்னார்கள். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, கையில் ஒரு துணிப்பையோடு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. பேராசிரியர் முதலில் என்னைக் கேட்டார், இந்த ஆள் உனக்குத் தெரிவித்தாரா என்று. எனக்கு எதுவும் வரவில்லை என்றேன். அது பொய்யா நிஜமா என்று அந்த நிமிஷம் எனக்கே தெரியாது. இழுப்பறையில் இருநூறு சீட்டுக்கு மேல் கிடந்தது.

பிச்சைமுத்து அண்ணன் பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தார். அனுப்பிய ஒவ்வொரு சீட்டுக்கும் கார்பன் வைத்து நகல் எடுத்திருந்தார். பக்கத்தைத் தேடிப் பிரித்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"அக்கா, இத தொரகிட்ட வாசிச்சுக் காட்டுங்க."

வாங்கினேன். மேலே 1.1.82 என்று இருந்தது. அதை மட்டும்தான் என்னால் வாசிக்க முடிந்தது. கீழே நீல நிறத்தில் அழகான, நெருக்கமான கையெழுத்து, அஞ்சு வரி. பேராசிரியர் காத்திருந்தார். சலேஹா டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. தமிழச்சிக்குத் தமிழ் தெரியாது என்று ஒரு வெள்ளைக்காரர் முன்னாலும், டைப்பிஸ்ட் முன்னாலும், தோட்டத்திலிருந்து வந்த ஒருவர் முன்னாலும் எப்படிச் சொல்வது? வேலை போய்விடும் என்ற பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வெட்கம். மழையைப் பற்றியும் கூரையைப் பற்றியும் எழுதியிருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை என்று இங்கிலீஷில் சொன்னேன்.

அந்த அளவு இங்கிலீஷ் அவருக்குப் புரியும். என் பக்கம் ஒரு எட்டு வைத்தார்.

"நல்லா பாருங்கக்கா. மொத வரியிலயே கடிகாரம்னு போட்டிருக்கேன்."

ஆக, அதில் என்ன இருக்கிறது என்று அவர் வாயாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இனி எழுத்து தெரியவில்லை என்ற சாக்கும் கிடையாது. ஆமாம், தவறாகப் பார்த்துவிட்டேன் என்று சொல்ல எனக்குப் பத்து விநாடி இருந்திருக்கும்.

"இல்ல பிச்சைமுத்து," என்றேன். "மழையப் பத்தித்தான் எழுதியிருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் நான் இவ்வளவு நாள் அதை நினைத்துக்கொண்டிருக்க மாட்டேன். கணக்கில் ஏதோ இடிக்கிறது என்று யோசிப்பவர் மாதிரி பார்த்தார். பிறகு நோட்டை வாங்கி, பக்கம் மடங்காமல் மூடி, பையில் வைத்தார். பேராசிரியர் ஒரு மாத நோட்டீஸ் என்று சொன்னதை நான்தான் தமிழில் சொன்னேன். சரிங்கக்கா என்றார், படியிறங்கிப் போனார். அந்த நோட்டைக் கீழே இருந்த எந்தத் தமிழ்க் கடைக்காரரிடம் காட்டியிருந்தாலும் நான் மாட்டியிருப்பேன். ஒரு மாதம் பயந்துகொண்டே இருந்தேன். அவர் யாரிடமும் காட்டவில்லை.

நிலையத்தையே 1986-ல் மூடிவிட்டார்கள். என் இழுப்பறையைக் காலி செய்தபோது சீட்டுக் கட்டுகளைத் தூக்கிப் போட முடியவில்லை, வீட்டுக்குக் கொண்டு வந்தேன். மறுவாரம் பினாங்கு ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் வாங்கினேன். பிள்ளைக்கா என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். கல்யாணமே ஆகாதவள். பொய் சொல்லிப் பழகிய வாய். நாற்பத்து நாலு வயதில் அணில், ஆடு என்று கதவைச் சாத்திக்கொண்டு எழுத்துக்கூட்டினேன். மூன்று வருடம் ஆயிற்று. நாளிதழ் வாசிக்க வந்த பிறகும் சீட்டுகளைத் தொடப் பயமாக இருந்தது. 1990 கடைசியில்தான் கட்டைப் பிரித்தேன்.

முதலில் அந்தச் சீட்டைத்தான் தேடினேன். 'அக்காவுக்கு வணக்கம். ஸ்டேஷன் கடிகாரத்தை நான் தொடவில்லை. நாடு முழுதும் மணி மாற்றிவிட்டார்கள். இங்கு பழைய மணிதான் ஓடுகிறது. ஆகவே அக்கா கணக்கில் அரை மணி கழிக்க வேண்டாம். இப்படிக்கு, பி. பிச்சைமுத்து.' எங்கே புரியப்போகிறது என்று நான் நினைத்த ஆள், நான் என்ன தப்பு செய்வேன் என்பதை நான் செய்வதற்கு முன்பே எழுதி அனுப்பியிருக்கிறார்.

மற்றவற்றையும் வாசித்தேன். படுக்கும் இடத்தில் கூரை ஒழுகுகிறது, தொரையிடம் சொல்லவும் என்று ஏழு சீட்டு. எட்டாவது இல்லை. மழை, இடி, இயந்திரம் நின்று ஓடியது. 1981 நவம்பரில் ஒன்று: மகள் ஜெயலெட்சுமி நன்றாகப் படிக்கிறாள், டவுன் பள்ளிக்கூடத்தில் கேட்க இங்கிலீஷில் ஒரு கடிதம் வேண்டும், அக்கா எழுதித் தர முடியுமென்றால் சனிக்கிழமை வருகிறேன், பதில் போடவும். நான் பெற்றுக்கொண்டேன் என்று முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறேன். அடுத்த வாரச் சீட்டின் அடியில் ஒரு வரி: 'அக்காவுக்கு வேலை அதிகம் என்று தெரியும். பரவாயில்லை.' அதை வாசித்துவிட்டு நான் வாய்விட்டு அழுதேன். அழுது யாருக்கு என்ன லாபம்.

அர்ஜுனனைத் தேடிப் பிடித்து விலாசம் வாங்கினேன். சுங்கை பினாங்கில் மூன்றாம் மாடியில் ஒரு அறை வீடு. 1991 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சீட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். காலில் விழுவதா, என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று படியேறும்போதெல்லாம் யோசித்தேன். கதவைத் திறந்தது அவர் மனைவி சின்னம்மா. உள்ளே சுவரில் பிச்சைமுத்து அண்ணன் படத்துக்கு மாலை போட்டிருந்தது.

போன ஏப்ரலில் போய்விட்டாராம். ஏதோ ஒரு தொழிற்சாலையில் காவலாளியாக இருந்திருக்கிறார், வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மகள் பாயான் லெப்பாசில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறாள், அன்று ஞாயிறு ஷிப்ட். நான் பேரைச் சொன்னதும் சின்னம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உட்காரச் சொல்லி, காப்பி போட்டுக் கொண்டு வந்து வைத்தாள். யூனியன்காரரிடம் அந்த நோட்டைக் கொண்டு போங்கள் என்று அன்றைக்கே அவள் சொன்னாளாம். அவர் கேட்கவில்லை. ஒரு பெண்பிள்ளையைப் பொய்க்காரி என்று நாலு பேர் முன்னால் நிறுத்தி எனக்கு வேலை வேண்டாம் என்றாராம்.

"கோவம்னு இல்லம்மா," என்றாள். "அந்த அக்காவுக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன், அப்படின்னு மட்டும் கேப்பாரு. சாகுற வரைக்கும் கேட்டாரு."

காப்பியை நான் தொடவில்லை.

"அவரு ஒண்ணும் செய்யல," என்றேன். "எனக்கு அப்போ தமிழ் வாசிக்கத் தெரியாது. அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்புகிறாளா இல்லையா என்று தெரியவில்லை. பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து நீட்டினேன். வாங்கிக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள், தனக்கும் எழுத்து தெரியாது, நீங்களே வாசியுங்கள் என்றாள். வாசித்தேன். இன்றைக்கும் எனக்குச் சரளமாக வராது, இரண்டு இடத்தில் தட்டுத்தடுமாறினேன். கழிக்க வேண்டாம் என்ற இடத்தில் அவள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசினாள். அவள் குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை, வந்த ஆளுக்கு வழி சொல்வது மாதிரி சொன்னாள்.

"தோட்டத்துல பாதிப் பேருக்கு எழுத்து தெரியாதும்மா. கடுதாசி வந்தா அவருகிட்டதான் தூக்கிட்டு வருவாங்க, வாசல்லேயே வரிசையா நிப்பாங்க. ஒரு நாளும் சலிச்சுக்கிட்டதில்ல. அன்னிக்குத் தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, அவரே உங்களுக்கு வாசிச்சுக் காட்டியிருப்பாரு."